பைக் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறதா? நாம் செய்யும் தவறுகள்

திங்கட்கிழமை விடிகாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் ஏராளம். சனிக்கிழமை இரவு திரும்பி வந்து செல்ஃப் பட்டனை அழுத்தினால், சிலருக்கு 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான் வரும். வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லையே என்று பேட்டரி கம்பெனியைத் திட்டுவோம். ஆனால் பெரும்பாலும் அது வயதாகிப் போன பேட்டரி அல்ல, அரைகுறை சார்ஜிலேயே கிடந்து கெட்டுப்போன பேட்டரி.

காரணம் இதுதான். சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல் லெட் சல்பேட் படியும். சீக்கிரமே சார்ஜ் ஏற்றிவிட்டால் அது கரைந்துபோகும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியாகி, தகட்டை அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பேட்டரி பழையபடி தாங்காது. வெயில் இதை இன்னும் கெடுக்கும். சும்மா நிற்கும் பேட்டரியில் சார்ஜ் தானாகக் கசியும் வேகம், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள்.

நல்ல பேட்டரி ஒரு வாரம் சும்மா நின்றால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பாதி இறங்கியது, அல்லது ஜிபிஎஸ், அலாரம் என்று எதையாவது மாட்டி வைத்தது என்றால்தான் சிக்கல். இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், வீட்டில் இருப்பவர்களிடம் "தினம் காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடு" என்று சொல்வது. பார்க்க நல்ல யோசனை மாதிரி இருக்கும், ஆனால் தப்பு. ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்போது, வண்டி தயாரிக்கும் மின்சாரம் குறைவு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும். செல்ஃப் எடுத்த சார்ஜே முழுசாகத் திரும்பி வராமல் போகலாம். அதற்குப் பதில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆள் இல்லை, மாதக்கணக்கில் ஊருக்கு வர முடியாது என்றால், சாவியை ஆஃப் செய்துவிட்டு நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

அடுத்தது தண்ணீர். மூடி திறக்கிற பழைய வகை பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. நம் மாவட்டங்களின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை பேட்டரியில் ஊற்றினால் அதில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைத் தின்றுவிடும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர்? அவையும் வேண்டாம், அவற்றிலும் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். மேல் கோடு, கீழ் கோடு இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். சில கடைகளில் மட்டம் குறைந்தால் ஆசிட் ஊற்றுவார்கள். அது பெரிய தவறு. பேட்டரியிலிருந்து போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மறுபடி ஆசிட் ஊற்றினால் அதன் வீரியம் கூடித் தகடு அரிக்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்றால் மூடியை நெம்பித் திறக்கவே கூடாது.

சார்ஜ் போடக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை ஆம்பியரில் போடுவீர்கள்? பல 100, 125 சிசி வண்டிகளில் இருப்பது 3 முதல் 5 ஆம்பியர்-அவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.3 முதல் 0.5 ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெடுஞ்சாலை ஓரக் கடையில் லாரி பேட்டரிக்கான சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால், பச்சைக் குழந்தைக்குப் பந்திச் சாப்பாடு போடுகிற கதைதான். உள்ளே கொதித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து ஒயர் எடுத்து ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம்.

செல்ஃபை விடாமல் அழுத்துகிறவர்களுக்கு: ஐந்து விநாடி போதும், எடுக்காவிட்டால் பத்துப் பதினைந்து விநாடி விட்டு மறுபடி அழுத்துங்கள். கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டை உதைத்தே எடுங்கள், முக்கியமாக மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள். ஆனால் கிக்கர் இருக்கிறதே என்று பேட்டரியை அலட்சியமாக விடக்கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள், மின்சாரப் பம்ப் மூலம் பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பல வண்டிகளில் அந்தப் பம்ப் வேலை செய்யாது, உதைத்தும் பயன் இருக்காது.

தொப்பூர் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து உருட்டுகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் பிரேக் லைட், ஹாரன் எல்லாம் பேட்டரியைத்தான் தின்னும். பேட்டரி கிடக்கட்டும், அந்த இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே அப்படிப் போவது உயிரோடு விளையாட்டு.

கூடுதல் லைட் பற்றி நீட்ட வேண்டாம். 55 வாட் பல்பு ஒன்று நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், உங்கள் பேட்டரியே 4 ஆம்பியர்-அவர்தான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒயரைக் கழற்றி சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைத்து, காய்ந்ததும் மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பணத்தை வீணாக்கும் தவறு, சார்ஜிங்கைப் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது. மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருக்கும், வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் சரி, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். இன்ஜினை முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றாலோ 15-ஐத் தாண்டினாலோ கோளாறு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மின்சாரம் தயாரிக்கும் காயில் (கம்பிச் சுருள்), ஒயரிங் பக்கம். அதைச் சரிசெய்யாமல் போட்டால் புது பேட்டரியும் சில மாதத்தில் போய்விடும்.

புதிதாக வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள், கடையில் ரொம்ப நாள் கிடந்தது வேண்டாம். ஆசிட் ஊற்றித் தரும் வகை என்றால், ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, முதல் சார்ஜ் முழுசாகப் போட்டபிறகுதான் மாட்ட வேண்டும். "உடனே மாட்டிக் கொடுங்க" என்று அவசரப்படுத்தாமல் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது பழைய பேட்டரியையும் கொண்டுபோங்கள், அதில் உள்ள ஈயத்துக்கு விலை உண்டு, பில்லில் கழித்துக்கொள்வார்கள்.