லாங் பிம்பிள் ரப்பரைச் சமாளித்த கதை

டேபிள் டென்னிஸ் கிளப்பில் ஒரு பெரியவர் மட்டையின் பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிள், அதாவது நீளமான ரப்பர் முட்கள் உள்ள ரப்பர், வைத்து ஆடுவார். மாதக்கணக்கில் அவரிடம் தோற்றேன். டாப்ஸ்பின் (முன்சுழற்சி) போட்டு, திரும்பி வருவதை மறுபடி இழுத்தால் பந்து வலையில் விழும். புஷ்ஷுக்குப் புஷ் (பந்தின் அடியைத் தேய்த்துப் பின்சுழற்சியோடு தள்ளுவது) செய்தால் மேலே எழும்பும், அடித்துவிடுவார்.

அப்புறம்தான் புரிந்தது. நீளமான அந்த முட்கள் வளைந்துகொடுத்து, என் சுழற்சியையே எனக்குத் திருப்பி அனுப்புகின்றன. என் டாப்ஸ்பின் பேக்ஸ்பின்னாக (பின்சுழற்சியாக) வரும். என் புஷ் லேசான டாப்ஸ்பின்னாக வரும்.

சரி என்று, சுழற்சியே இல்லாத நீள சர்வீஸை பிம்பிள் பக்கம் போட்டேன். அதேபோல் சுழற்சியின்றி மொட்டையாக வந்த பந்தை நிதானமாக அடித்தேன். ஒரு டாப்ஸ்பின் போட்டால் அடுத்தது புஷ் என்று மாற்றி மாற்றி ஆடினேன். ராலி நடுவே மட்டையைத் திருப்புவார். இரண்டு பக்க ரப்பருக்கும் நிறம் வேறு. அதனால் அடிக்கும் பக்கம் கறுப்பா சிவப்பா என்று ஒவ்வொரு பந்துக்கும் பார்க்கிறேன். போன ஞாயிறு ஐந்தாவது கேமை 11-8 என்று எடுத்தேன்.