காவலர் உடல்தகுதித் தேர்வு: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் போகும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதனால் பல பையன்கள் தினமும் அதே 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடி, நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய தவறே இதுதான். தினமும் பரீட்சை எழுதினால் பாடம் படிப்பது எப்போது? தாங்குதிறன் வளர்வது, பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான ஓட்டத்தில். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுவதும், தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுவதும் அந்த ஓட்டத்தில் நடக்கும். வாரத்தில் மூன்று நாள் அப்படி 30, 40 நிமிடம் ஓடுங்கள். வேக ஓட்டத்துக்கு இரண்டு நாள் போதும்: 400 மீட்டரை நான்கைந்து தடவை, நடுவே இரண்டு நிமிட ஓய்வோடு. மிச்ச நாட்களில் ஓட வேண்டாம்.

அடுத்தது, விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்வது. 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி கணக்கு. முதல் சுற்றையே 1 நிமிடம் 20 நொடியில் முடித்தவர்களில் பலர் மூன்றாவது சுற்றில் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சுற்று நேரத்தை உடம்புக்குப் பழக்குங்கள்.

ஓட்டம் நன்றாக வந்தால் மற்றதும் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் மதிப்பெண்ணுக்கான ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. அதற்கு வேண்டியது கைப்பிடி வலுவும் முதுகு வலுவும். புல்லப்ஸ் எடுங்கள்; கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்குங்கள். கயிற்றைப் பாதங்களுக்கு நடுவே பூட்டக் கற்றுக்கொண்டால் பாதி பாரம் கைகளை விட்டுப் போய்விடும்.

தாண்டுவதற்கு முன் ஒரே நிலையில் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடித்தால் துள்ளல் குறையும். மெல்ல ஓடி, கால்களை வீசி உடம்பைச் சூடாக்கினால் போதும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாதீர்கள், தயவுசெய்து. தார் ரோட்டை விட்டு மண் தரைக்கு மாறி, சில நாள் ஓய்வு கொடுங்கள். ஒரே இடத்தில் விரலை வைத்தால் சுரீரென்று வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். புது ஷூவை அன்றைக்கு முதல்முறையாகப் போடவும் கூடாது.