குளம் காக்க ஆள் சேர்ப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது என்றதும் நம்மில் பலர் முதலில் சங்கம் தொடங்கி, தலைவர் யார், செயலாளர் யார் என்று பேசி, பேனர் அடிப்போம். அதெல்லாம் அப்புறம். குமரியில் ஏற்கெனவே கூடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை: பாசன சங்கம், கோயில் கமிட்டி, கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த மக்கள்) அன்பியம் என்ற சிறு குழுக்கள், ஜமாஅத், மகளிர் குழு, ஆட்டோ ஸ்டாண்ட். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடலோர மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் அவ்வளவு வேகமாகத் திரண்டார்கள் என்றால், பங்குகள் வழியே அவர்களுக்குள் முன்பே தொடர்பு இருந்ததுதான் காரணம்.

1. சானல் (பாசனக் கால்வாய்) கரையில் நடங்கள்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல் வழியாகப் பல குளங்களுக்கு வருகிறது. உங்கள் குளம் கடைவரம்பில், அதாவது சானலின் கடைசிப் பகுதியில் இருந்தால், மேலே உள்ள ஊர்க்காரர்கள் மனது வைக்காமல் எத்தனை பேர் கூடியும் பயனில்லை. ஆகவே தண்ணீர் வரும் வழியைப் பிடித்து மேலே போங்கள். ஒவ்வொரு மடையிலும் வயதானவர் ஒருவரிடம் கேளுங்கள்: “பாட்டா, முன்னால இந்த மடைய யாரு திறப்பாவ?” பதிலோடு இரண்டு மூன்று பெயர்களும் பழைய சண்டை ஒன்றும் கிடைக்கும். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். சண்டை முக்கியம், யாரையும் யாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக்கூடாது என்று அதுதான் சொல்லும்.

2. தனித்தனியாகப் பேசுங்கள்

தாமரைக்கோ மீனுக்கோ குளத்தைக் குத்தகை எடுத்தவரும் கும்பப்பூ (இரண்டாம் போகம்) நெல் போட்டவரும் ஒரே தண்ணீர்மட்டத்தைக் கேட்கமாட்டார்கள். அந்த வாக்குவாதம் டீக்கடையில் நடக்கட்டும், கலெக்டர் முன்னால் வேண்டாம். போனதும் நோட்டீஸை நீட்டாமல், அவருக்கு என்ன சிரமம் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

3. ஒரே ஒரு கோரிக்கை

“குளத்தைக் காப்பாற்றுங்கள்” என்ற மனுவுக்கு “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் எழுதிவிடலாம். “இந்த மடையின் உடைந்த ஷட்டரை மாற்றித் தாருங்கள்” என்றால் செய்தார்களா இல்லையா என்று ஊரே பார்க்கும்.

4. காகிதம்

குளம் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா? இது தெரியாமல் போனால் இரண்டு அலுவலகங்களும் உங்களைப் பந்தாடும். வி.ஏ.ஓ.விடம் புல எண் கேளுங்கள். பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம்; அங்கே கிராம சபை கிடையாது. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாள் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவராவது வரட்டும், பெண்கள் கட்டாயம். மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

5. வாட்ஸ்அப்

குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மனு எண் காணாமல் போகும்.

6. காலம் பாருங்கள்

சானல் பெரும்பாலும் ஜூனில் திறக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கினால் ஜேசிபி இறங்காது. தூர்வாரவோ ஷட்டர் மாற்றவோ மனு கொடுப்பதென்றால், கும்பப்பூ அறுவடை முடிந்து சானல் அடைத்த கையோடு கொடுத்துவிடுங்கள்.