கொட்டிலில் கிடந்த சாலியை எழுப்பிய கதை: பொயின்ற் வைக்கும் முறையோடு

பெரியப்பாவின் ஹொண்டா சாலி சிஎஃப்50 என்ற சின்ன மோட்டார் சைக்கிள் பல வருடமாக மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. போன மாதம் அதை ஓட வைத்தேன். அதே வண்டியை வைத்துக்கொண்டு தவிக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: பெயின்ற் கடைசி வேலை. பிளக்கில் தீப்பொறி வரும்வரை ஒரு சதமும் அழகுக்குச் செலவழிக்க வேண்டாம்.

எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆயுதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். யப்பான் ஸ்குரூக்களின் கூட்டல் தலைக்குச் சாதாரண ஸ்குரூ ட்ரைவர் சரியாகப் பொருந்தாது, நாலு தரம் வழுக்கினால் தலை வட்டமாகிவிடும். சுத்தியலால் தட்டிக் கழற்றும் இம்பாக்ட் ட்ரைவர் ஒன்று வாங்குங்கள்.

சீற்றுக்குக் கீழே இருக்கும் பெற்றோல் தாங்கியைக் கழற்றி, உள்ளே வினாகிரியும் ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் போட்டு ஓர் இரவு வைத்துக் குலுக்கினால் துரு கழன்று வரும். அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, நம்மூர் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். கார்பரேற்றரில் பெற்றோல் வரும் சின்ன ஜெற் ஓட்டையை வயருக்குள் இருக்கும் ஒற்றைச் செப்பு இழையால் குத்துங்கள். ஊசி போட்டால் ஓட்டை பெருத்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலால் சில துளி பெற்றோல் பீய்ச்சுவார்கள். பெரியப்பாவின் வண்டியும் அப்படி ஓடியதுதான், சைலன்சருக்குள் கரி கட்டியாக இருந்தது. அதையும் ஒருதரம் பாருங்கள்.

சரி, நான் மூன்று நாள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். பொயின்ற் (தீப்பொறிக்காக மின்னைத் திறந்து மூடும் சின்னத் தொடுமுனைகள்) எப்போது திறக்கிறது என்று பார்க்க, மின் தொடர்பு இருந்தால் கத்தும் மீற்றரை வைத்தேன், அது நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது. பொயின்ற் ஒட்டிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன், அப்போதும் கத்தியது. காரணம் பிறகுதான் விளங்கியது: உள்ளே இருக்கும் கொயில் வழியாகவும் மின் பூமிக்கு, அதாவது இயந்திர உடலுக்கு, போகிறது, அதனால் பொயின்ற் திறந்தாலும் மூடினாலும் மீற்றருக்கு ஒன்றுதான். மீற்றரைத் தூக்கி வையுங்கள், சிகரெட் தாள் அளவுக்கு மெல்லிய தாள்துண்டு ஒன்று போதும்.

இடப்பக்க மூடியைக் கழற்றி, ஃபிளைவீல் (இயந்திரத்தோடு சுற்றும் கனச் சக்கரம்) யன்னலால் தாளைப் பொயின்ற் இரண்டுக்கும் நடுவே விடுங்கள். ஃபிளைவீலை மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தாளை இலேசாக இழுங்கள். ஃபிளைவீலில் இருக்கும் ‘எஃப்’ கோடு (தீப்பொறி வர வேண்டிய இடம்) இயந்திர உடலில் இருக்கும் அடையாளத்துக்கு நேரே வரும் அந்தக் கணத்தில் தாள் விடுபட வேண்டும். முந்தி விடுபட்டால் இடைவெளியைக் குறையுங்கள், பிந்தினால் கூட்டுங்கள். பிறகு பொயின்ற் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்தால் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வர வேண்டும். கோடு சரியாக வந்தும் இந்த அளவுக்குள் நிற்காவிட்டால் பொயின்ற் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். கடைசியாகப் பெற்றோலில் நனைத்த தடித்த அட்டையால் துடையுங்கள், தாளின் நார் ஒன்று ஒட்டியிருந்தாலும் தீப்பொறி வராது.

ரயர் 3.50-10, வெஸ்பா ஸ்கூட்டர் அளவு, தேடி அலையத் தேவையில்லை. ஆனால் ரிம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டு இணைத்தது. ரியூப்பின் காற்றை முழுதாக இறக்காமல் அந்தப் போல்ட்டில் கை வைக்கவே வேண்டாம், பாதி ரிம் முகத்துக்குப் பறந்து வரும்.

நான் செய்த ஒரே மாற்றம் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டியது. மலைநாட்டில் இது சரிவராது. நம்முடையது மட்டமான ஊர், பருத்தித்துறை வீதியில் இயந்திரம் இப்போது கதறாமல் போகிறது. 12 வோல்ற்றுக்கு மாற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள். எனக்கு விருப்பமில்லை, நல்ல 6 வோல்ற் பற்றரியும் துருவில்லாத பூமி இணைப்பும் இருந்தால் வெளிச்சம் போதும்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த சாவகச்சேரித் தம்பி ஒருவர், பொயின்ற் சரியாக வைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் உதைக்கிறது என்று எழுதினார். வால்வு இடைவெளியில்தான் பிழை. ஃபிளைவீலின் ‘டி’ கோடு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) நான்கு அடிச் சுற்று ஒன்றில் இரண்டு தரம் வரும். இரண்டு ரொக்கரும் (வால்வை அமத்தும் கைகள்) இலேசாக ஆடும் தரத்தில்தான், அதுவும் இயந்திரம் ஆறியிருக்கும்போது, 0.05 மில்லிமீற்றர் வைக்க வேண்டும். அவர் மற்றத் தரத்தில் வைத்திருந்தார். ஃபிளைவீலை இன்னொரு முழுச் சுற்றுத் திருப்பி வைத்ததும் அன்றைக்கே ஸ்டார்ட் ஆனது.