கொழும்பில் காலி வீதியைப் பிடித்தால் போதும்

யாழ்ப்பாணம் போகவென்று வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிறவர்கள்கூட ஒன்றிரண்டு நாள் கொழும்பில் தங்காமல் போவது குறைவு. அனேகமாக வெள்ளவத்தையில்தான் தங்குவார்கள். அந்த நாட்களில் காசையும் நேரத்தையும் கூடுதலாகத் தின்பது வாகனம். வெளிநாட்டுக்காரர் என்றதும் உறவினர்கள் ஒரு வானை நாள் வாடகைக்குப் பிடித்துத் தந்துவிடுவார்கள். கொழும்புக்குள் சுற்ற அது தேவையில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை எல்லாம் கடற்கரையோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. காலி வீதி பஸ்ஸும் கரையோர ரயிலும் அந்த வழியாலேயே ஓடுகின்றன. எந்த நேரத்துக்கு எதில் ஏறுவது என்பதுதான் விஷயம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரமுன்னமே சிம் வாங்கிவிடுங்கள், பாஸ்போர்ட் காட்டினால் போதும். உள்ளூர் நம்பர் இல்லாவிட்டால் ஆப்பில் டாக்ஸி எடுத்தாலும் டிரைவரும் நீங்களும் ஆளையாள் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிக்மீ, ஊபர் ஆப் இரண்டையும் போனில் வைத்திருந்து விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2013இல் திறந்த அதிவேக வீதியால் பேலியகொடை வரை விறுவிறென்று வந்துவிடலாம், அதற்குப் பிறகுதான் நெரிசல். அதிவேக வீதிக் கட்டணம் ஆப் காட்டும் விலைக்குள் அடங்குமா என்று ஏறமுன் கேளுங்கள். ஒற்றைப் பையோடு வருகிறவருக்கு 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது, கோட்டையில் கொண்டுவந்து விடும். நாலு சூட்கேசோடு வரும் குடும்பத்துக்கு அது சரிவராது.

ஆட்டோவையும் ஆப்பிலேயே எடுங்கள். சந்தியில் நிற்கும் ஆட்டோவில் ஏறுவதென்றால் விலையைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். இறங்கிய பிறகு பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது. ஆப்பில் எடுத்ததும் டிரைவர் உங்களுக்குப் போன் எடுப்பார், பெரும்பாலும் சிங்களத்தில். "கோஹெத யன்னே?" என்றால் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். இடத்தைச் சொல்லி, காசாகத் தருவேன் என்றும் சொல்லிவிடுங்கள். கார்டில் கட்டுவீர்கள் என்று தெரிந்தால் கான்சல் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, வெள்ளவத்தையில் பல ஒழுங்கைகளுக்கு இரண்டு வாய்: ஒன்று காலி வீதியில், மற்றது கடலோரம் மரைன் டிரைவில். மேப்பில் புள்ளி கொஞ்சம் விலகினாலும் ஆட்டோ மற்றப் பக்கத்தில் வந்து நிற்கும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை ஒரு கடையையோ கோயிலையோ அடையாளம் வைத்துச் சொல்லுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் "மாத்தக் காசில்லை" என்ற பதில்தான் வரும். காலையிலேயே சுப்பர்மார்க்கெட்டில் ஏதாவது வாங்கி அதை நூறு, ஐந்நூறாக உடைத்துக்கொள்ளுங்கள்.

காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்க வேண்டிவராது. 100 பாணந்துறைக்கும் கோட்டையை அடுத்த புறக்கோட்டைக்கும் இடையில் ஓடுவது, 101 மொறட்டுவைக்கும் புறக்கோட்டைக்கும். கண்டக்டர் "கொட்டுவ, கொட்டுவ" என்று கூவினால் கோட்டைப் பக்கம் போகிறது. நுகேகொடை, மகரகம பக்கம் போகப் புறக்கோட்டையிலிருந்து 138 எடுக்க வேண்டும், அது காலி வீதியால் வராது. இறங்குமிடம் வரமுன்னமே எழும்பி வாசலுக்கு வந்துவிட வேண்டும், "பஹினவா" என்று ஒரு குரல் கொடுத்தால் நிற்பாட்டுவார்கள். சில தனியார் பஸ்கள் முழுதாக நிற்காமலே ஆளை இறக்கப் பார்க்கும். வயதானவர்கள் கூட இருந்தால் பஸ்ஸை விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கொழும்பில் சிறந்த பயணம் ரயில்தான், அதுவும் காலை பத்து மணிக்குப் பிறகு. வெள்ளவத்தை நிலையம் மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கோட்டைக்குப் போகும்போது இடதுபக்க ஜன்னல், திரும்பும்போது வலதுபக்கம்: தண்டவாளத்துக்குக் கீழே அலை வந்து கல்லில் அடிப்பது தெரியும். காலையில் கோட்டைக்குப் போகிற ரயிலிலும் பின்னேரம் கந்தோர் விட்டபின் திரும்புகிற ரயிலிலும் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகளோடு அந்த நேரம் ஏறவே வேண்டாம். டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள், இறங்கி வெளியே போகும்போது கேட்பார்கள். கடற்கரைக்குப் போகவென்று தண்டவாளத்தைக் கடக்கிறவர்கள் போனைப் பைக்குள் வையுங்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்கு அலையத் தேவையில்லை. சொகுசு பஸ்காரர்கள் பலர் வெள்ளவத்தையிலேயே சீட் பதிந்து, அங்கேயே ஏற்றுகிறார்கள். ஏறும் இடத்தையும் பஸ் நம்பரையும் பதியும்போதே எழுதி வாங்குங்கள். பின்னேர நெரிசலில் பஸ் பிந்தினால் யாருக்கு அடிப்பது என்று அந்த அலுவலகத்தின் போன் நம்பரையும் கேட்டு வைத்திருங்கள்.