மார்ச் 31 அன்று எது நம் சரக்கு? பின்னலாடை நிறுவனங்களுக்கான சரக்கிருப்புக் கணக்கு

ஆண்டு இறுதியில் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கும்போது பலரும் கிடங்கைத் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். திருப்பூரில் அது மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் நூல் நிட்டிங்கிலும் துணி டையிங்கிலும் கிடக்க, அதன் கிடங்கிலோ பிறருடைய துணி தைப்பதற்காக வந்து அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே எண்ணுவதற்கு முன்பே, மார்ச் 31 இரவு அந்தச் சரக்கு எரிந்துபோனால் இழப்பு யாரைச் சேரும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் வெளி யூனிட்டுகளுக்கு, அனுப்பிய சரக்கிலிருந்து தொடங்குங்கள். பிழைகள் மிகுதியாக நேர்வது அங்கேதான். முடிவடையாத டெலிவரி சலான்களை (சரக்கு இன்னும் முழுதாகத் திரும்பாத அனுப்புச் சீட்டுகளை) தனியே எடுத்து, ஒவ்வொரு யூனிட்டிடமிருந்தும் கையில் உள்ள எடையை எழுத்தில் உறுதி பெறுங்கள். நூலாகப் போன எடை துணியாகத் திரும்பும்போது குறைவது இயல்பு என்பதால், இயல்பான அந்தக் குறைவைத் திரும்பி வந்த துணியின் அடக்க விலையிலேயே சேர்த்துவிடலாம். அளவுக்கு மீறிய சேதாரத்தை அந்த ஆண்டின் செலவாகவே எழுத வேண்டும். பழைய சலான்களைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு: ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாமலும் அங்கிருந்தே விற்கப்படாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே வழங்கியதாகக் கருதப்பட்டு வரிப் பொறுப்பு எழும்.

இதற்கு நேர்மாறாக, நாம் கூலிக்குத் தைக்கும் பிறரது துணி நம் மேசைமேல் வெட்டப்பட்டுக் கிடந்தாலும் நம் இருப்பில் சேராது. அதற்காக நாம் வாங்கி வைத்த தையல் நூலும் எலாஸ்டிக்கும் சேரும்.

ஏற்றுமதிச் சரக்கில் ஒப்பந்த நிபந்தனையைப் படிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. எஃப்.ஓ.பி. (Free on Board) நிபந்தனையில் இழப்புப் பொறுப்பு, சரக்கு கப்பலில் ஏற்றப்படும்போதுதான் வாங்குபவருக்கு மாறுகிறது. மார்ச் 29 அன்று இன்வாய்ஸ் போட்டு லாரியில் அனுப்பிய பெட்டிகள் தூத்துக்குடியில் ஏப்ரல் 2 அன்று கப்பலேறினால், ஆண்டு முடிவில் அவை நம் சரக்கே. விற்பனையாக எழுதியிருந்தால் திருத்த வேண்டும்.

உரிமை தெளிவான பிறகு வகைப்படுத்துவது பெரும்பாலும் எளிது. நூலும் பதப்படுத்தப்படாத துணியும் மூலப்பொருள்; டையிங்கில் உள்ளதும், வெட்டியதும், பாதி தைத்ததும் உற்பத்தியில் உள்ள பொருள்; பேக்கிங் முடிந்தவை முற்றுப்பெற்ற பொருள். தைக்காமல் வாங்கி அப்படியே விற்பவற்றை வணிகச் சரக்காகத் தனியே காட்ட வேண்டும். ஊசி, எண்ணெய் போன்றவை ஸ்டோர்ஸ் தலைப்பில் வரும். சந்தேகம் எழுந்தால் பொருளைப் பார்க்காமல் நோக்கத்தைப் பாருங்கள்: தையல் இயந்திரம் அதை விற்பவருக்குச் சரக்கு, நமக்கு நிலைச் சொத்து. ஓராண்டுக்கு மேல் பயன்படும் பெரிய உதிரி பாகமும் பெரும்பாலும் நிலைச் சொத்தாகவே அமையும்.

மதிப்பிடும்போது, இந்தியக் கணக்கியல் தரநிலை 2, அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுக்கச் சொல்கிறது. உள்ளீட்டு வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வகையில், திரும்பக் கிடைக்கும் ஜி.எஸ்.டி.யை அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. நூல் விலை சரிந்ததாலேயே நூலின் மதிப்பைக் குறைக்கவும் தேவையில்லை. அந்த நூலிலிருந்து வரும் ஆடை அடக்க விலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால், வாங்கிய விலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வாங்குபவர் ரத்து செய்த ஆர்டரின் சரக்குக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. அவருடைய லேபிளோடு தைத்த ஆடையை அப்படியே வெளியில் விற்க முடியாது. ஒரு டி-சர்ட்டின் அடக்க விலை 180 ரூபாய் என்றும், லேபிளை நீக்கினால் 150 ரூபாய்க்கு விலைபோகும் என்றும், நீக்கவும் மறுபடி பேக் செய்யவும் 8 ரூபாய், தரகு 4 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், அதன் மதிப்பு 138 ரூபாய். மீதி 42 ரூபாயை, அந்த டி-சர்ட் விற்கும் வரை காத்திராமல், இந்த ஆண்டின் நட்டமாகவே எழுத வேண்டும்.