முதலில் அட்டவணை, அப்புறம்தான் கோடு: புறநகர் ரயில் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த இருவர் போன வாரம் ஒரு புறநகர் ரயில் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். என் முதல் திட்டத்தில் நான் செய்த அதே தவறு, பாதையின் அதே கோடியில். மக்கள்தொகைக் கணக்குப் பிசகுவது, நிலச் செலவைக் குறைத்துப் போடுவது போன்றவற்றை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

கோடு முதலில், அட்டவணை பிறகு

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் எழுதியிருந்தோம். இணைப்புப் பேருந்துகளையும் அப்படியே அமைத்தோம். செலவு எகிறியதும், கடைசி இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒற்றைப் பாதை போதும் என்றவன் நானேதான். 8 நிமிட ஓட்டம்தானே! போக 8, ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோய் ரயிலைத் திருப்ப 5, வர 8. ஆக 21 நிமிடம். கடைசி நிலையத்தில் இருந்ததோ ஒரே நடைமேடை. அதுவரை அடுத்த ரயில் உள்ளே நுழையவே முடியாது. பள்ளிப்பிள்ளை போடும் கூட்டல், நாங்கள் போடவில்லை.

கடைசியில் ஒன்றுவிட்டு ஒரு ரயிலை முந்தைய நிலையத்திலேயே திருப்பினார்கள். கடைசி ஊருக்கு அரை மணிக்கு ஒரு ரயில். அங்கே பேருந்து ஒருமுறை நிரம்பும், மறுமுறை காலியாகக் கிளம்பும். பாதி தூரத்தையாவது இரட்டைப் பாதையாக்கியிருந்தால் 4, 5, 4 என்று 13 நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பாதியில்தான் பாலம். தூண்களை ஒற்றைப் பாதை அகலத்துக்கே எழுப்பிவிட்டோம். இனி பக்கத்தில் இன்னொரு பாலம்தான் கட்ட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 1987 பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட 'பான் 2000' திட்டத்தில், எந்தச் சந்திப்பில் ரயில்கள் எப்போது கூட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தார்கள். பெர்னிலிருந்து சூரிக் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இடையில் புதுப் பாதை. 2004 டிசம்பரில் திறந்தார்கள்.

லிஃப்ட் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்

வைக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு நிலையங்கள்

கையில் பெட்டியோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

எல்லாக் கிளையும் ஒரே சுரங்கத்தில்

மணிக்கு 24 ரயில் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆறு கிளைக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 4. அதோடு, எங்கோ ஒரு கிளையில் கதவு மூடாத ரயிலின் தாமதம் மற்ற ஐந்துக்கும் பரவும். மியூனிக்கில் 1972 முதல் கிளைகள் ஏறக்குறைய எல்லாமே நகர் நடுவே ஒரே சுரங்கத்தில்தான் போகின்றன. இரண்டாவது சுரங்கத்தை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.